எண்ணெயும் சத்திரமும்



இந்த வாரச் சிந்தனை நாய்களுக்கு வரும் வயிற்றுப்போக்கைப் பற்றியது. தியானப் பகுதியில் இதற்கென்ன இடம் என்று நீங்கள் கேட்கக்கூடும். நானும் அப்படியே எண்ணி இரண்டு வாரங்களாக எழுதாமல் தள்ளிப்போட்டேன். ஆனால் நான் உங்களில் ஒருவருக்குச் சொன்ன ஆலோசனை, வாய்வழியாக இன்னும் சில வீடுகளுக்கும் சென்றிருக்கிறது என்று அறிந்தேன். அதில் பாதி சரி, பாதி தவறு. ஆகவே இனியும் மௌனமாயிருப்பது முறையன்று.

குருமனையில் வளரும் மணியை உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆறு வயதான நாட்டு நாய். இவ்வாண்டு அசனப் பண்டிகையன்று, பந்தி முடிந்து இலைகளை எடுத்துப் போட்ட இடத்தில் அது நெடுநேரம் நின்றிருக்கிறது. கறிக்குழம்பில் ஊறிய சோறும் கொழுப்பும் தின்ற பலன் அன்று நள்ளிரவில் தெரிந்தது. விடிவதற்குள் நான்கு முறை வயிறு போயிற்று. ஆனாலும் வாலை ஆட்டியது, தானாகச் சென்று தண்ணீர் குடித்தது, வாந்தி எடுக்கவில்லை.

என் மனைவி பதறவில்லை. மறுநாள் காலை ஒருவேளை உணவை மட்டும் நிறுத்தினாள்; தண்ணீர்க் கிண்ணத்தை ஒருபோதும் வெறுமையாக விடவில்லை. மதியத்திலிருந்து குழைய வடித்த பச்சரிசிச் சோற்றில், தோல் நீக்கி வேகவைத்த கோழி இறைச்சியை உதிர்த்துப் பிசைந்து கொடுத்தாள். உப்பு, மஞ்சள், எண்ணெய், மசாலா எதுவும் இல்லை. வழக்கமாக இருவேளை தின்னும் உணவை நான்கு சிறு பங்குகளாக்கினாள். அவித்து மசித்த மஞ்சள் பூசணி ஒரு கரண்டி சேர்த்தாள். மூன்றாம் நாள் மலம் இறுகியது. அதன்பின் பழைய உணவைச் சிறிது சிறிதாகக் கலந்து, மேலும் நான்கு நாள்களில் வழக்கத்துக்குத் திரும்பினோம். செலவு ஒன்றுமில்லை, மணி பழையபடி வாசலில் படுத்துக்கொண்டது.

இதுவரை நடந்தது நல்லது. இதிலிருந்து எனக்குள் ஒரு பெருமை பிறந்ததே தீமை.

சில வாரங்கள் கழித்து, ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தேன். நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, பேரன் வளர்க்கிற குட்டிக்கு நேற்றிலிருந்து வயிறு சரியில்லை. உங்கள் மணிக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். அடுத்தவர் கைகொடுக்கக் காத்திருந்தார். நான் யோசிக்கவே இல்லை. "ஒரு இரவு பட்டினி போடுங்கள், பிறகு குழைந்த சோறு கொடுங்கள், சரியாகிவிடும்" என்றேன். அவர் மனநிறைவோடு போனார்.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் மூன்று. குட்டிக்கு என்ன வயது? தடுப்பூசி போட்டாயிற்றா? வாந்தியும் உண்டா? மூன்றில் ஒன்றையும் கேட்கவில்லை. அதற்கு இரண்டரை மாதமே ஆகியிருந்தது, ஊசி ஒன்றும் போடப்படவில்லை, சனிக்கிழமையிலிருந்தே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை அதிகாலை அந்தப் பேரன் குருமனைக் கதவைத் தட்டினான். துண்டில் சுற்றிய குட்டி தலையைத் தூக்கவில்லை. துண்டில் இரத்தம் கலந்த நீர் படிந்திருந்தது. இன்னும் என்னால் மறக்கமுடியாத ஒரு வாடை. இருசக்கர வாகனத்தில் பையனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். மருத்துவர் அதன் ஈறுகளைப் பார்த்தார். வெளிறி, பசைபோல் உலர்ந்திருந்தன. கழுத்துத் தோலை மெல்லக் கிள்ளி விட்டார். அது உடனே படியாமல் அப்படியே நின்றது. "பார்வோ வைரஸ்" என்றார். நரம்பில் நீர் ஏற்றினார்கள். எத்தனை நாளாக இப்படி என்று அவர் கேட்டபோது, பையன் என்னைப் பார்த்தான். புதன்கிழமை இரவு குட்டி இறந்துபோயிற்று.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். "நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னீர்கள், ஐயா" என்றார் அந்தத் தாயார். கடிந்துகொண்டிருந்தால் எளிதாயிருந்திருக்கும். பையன் ஒன்றே ஒன்று கேட்டான்: "ஞாயிற்றுக்கிழமையே போயிருந்தால் பிழைத்திருக்குமா?" இல்லை என்று சொல்லித் தேற்ற நா எழுந்தது. ஆனால், "பிழைத்திருக்கக்கூடும், தம்பி. உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தாமதம் என்னால் வந்தது, உன் பாட்டியால் அல்ல" என்றேன். அவன் தலையசைத்தான்.

பிரியமானவர்களே, அந்த மருத்துவரிடம் கற்றவற்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த நாய், தடுப்பூசி போட்டது, சுறுசுறுப்பாக இருக்கிறது, தண்ணீர் குடிக்கிறது, வாந்தி இல்லை என்றால், மேலே சொன்ன சோற்றையும் கோழியையும் ஒன்றிரண்டு நாள் கொடுத்துப் பார்க்கலாம். இரண்டு நாளில் தேறாவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். மலத்தில் இரத்தம், தார்போல் கறுத்த மலம், தொடர் வாந்தி, சோர்வு, வெளிறிய ஈறு இவற்றில் ஒன்று கண்டாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். முதிர்ந்த நாய்க்கும் வேறு நோயுள்ள நாய்க்கும் அப்படியே.

குட்டியென்றால் வீட்டு வைத்தியத்தை நம்பிக் காத்திருக்கவே கூடாது. குட்டியைப் பட்டினி போடவும் கூடாது. அதன் இரத்தத்தில் சர்க்கரை விரைவில் குறைந்துவிடும். பார்வோவைத் தடுக்கும் ஊசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை சில வார இடைவெளியில் திரும்பப் போடவேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்திவிட்டால் போதாது.

நம் ஊரில் பூச்சிக்கு நல்லதென்று நாய்க்குப் பூண்டு கொடுப்பார்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை. பாலும் வேண்டாம், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு அது செரிக்காமல் வயிற்றுப்போக்கை அதிகமாக்கும். நமக்கென்று வாங்கி வைத்த மாத்திரைகளை, அவை பாராசிட்டமாலோ இப்யூபுரூஃபனோ வயிற்றுப்போக்கை நிறுத்துவதோ எதுவாயினும், மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். சுத்தம் செய்தபின் சோப்பு போட்டுக் கைகழுவுங்கள். சில கிருமிகளும் புழுக்களும் நமக்கும் தொற்றும்.

நல்ல சமாரியனைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். லூக்கா 10-ஆம் அதிகாரத்தை இம்முறை வாசித்தபோது, இதுவரை நின்று பாராத ஓரிடத்தில் நின்றேன். அடிபட்டுக் கிடந்தவனுக்கு அவன் முதலில் செய்தது கைவைத்தியமே. தன்னிடமிருந்த எண்ணெயையும் திராட்சரசத்தையும் காயத்தில் வார்த்துக் கட்டினான். அதை யாரும் இகழ முடியாது; அந்த நேரத்தில் அதுவே உயிர்காத்தது. ஆனால் அவன் அதோடு நிற்கவில்லை. தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனான்; மறுநாள் தன் பணத்தைக் கொடுத்து மற்றொருவர் பராமரிப்பில் ஒப்படைத்தான். திரும்பி வருவேன் என்றும் சொன்னான். தன் எண்ணெய் எதுவரை போதும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நானோ எண்ணெயைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரோடு கைகுலுக்கப் போய்விட்டேன்.

நாய்க்குட்டியின் காரியத்தில் மட்டுமா இப்படிச் செய்தேன் என்ற கேள்வி என்னை விடவில்லை. தூக்கம் வருவதில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னவர்களுக்கும் ஆலய வாசலில் ஒரு நிமிடம் ஜெபித்து, "சரியாகிவிடும்" என்று அனுப்பியிருக்கிறேன். ஜெபம் தவறன்று. ஜெபித்தபின் மருத்துவரிடம் உடன் செல்லாததும், மறுநாள் வீடு தேடிச் சென்று விசாரிக்காததுமே தவறு. அப்படி என்னிடம் வந்து ஒரே வார்த்தையோடு திரும்பியவர் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து மறுபடியும் வாருங்கள். இம்முறை உட்கார்ந்து கேட்கிறேன்.

பார்வோ வைரஸ் ஒரு வீட்டில் பல மாதங்கள் தங்கியிருக்கக்கூடியது. சாதாரண சோப்பு அதை அழிக்காது. ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, அவர்கள் வீட்டுச் சிமெண்ட் திண்ணையை நானும் பையனும் இருமுறை கழுவினோம். பத்து நிமிடம் ஈரமாக விட்டுப் பிறகு அலசினோம். முற்றத்து மண்ணை அப்படிச் சுத்தமாக்க முடியாது. ஆகவே அடுத்து வரும் குட்டி, ஊசிகள் எல்லாம் முடிந்தபின்னரே அந்த வீட்டுக்கு வரும். அதுவரை அவன் மாலைதோறும் குருமனைக்கு வந்து மணிக்குச் சோறு வைக்கிறான். கிண்ணத்தை வைக்கும்முன் அதன் உதட்டை மெல்லத் தூக்கி ஈறுகளைப் பார்க்கிறான். நான் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஜெபம்: பரம பிதாவே, நீர் எங்கள் பொறுப்பில் விட்ட உயிர்களுக்காக நன்றி செலுத்துகிறோம். எங்களுக்குத் தெரிந்ததைத் தாராளமாய்ப் பகிரவும், தெரியாததைத் தாழ்மையோடு ஒத்துக்கொள்ளவும், பாரம் சுமக்கிறவர்களோடு சத்திரம் வரைக்கும் நடக்கவும் எங்களுக்குக் கிருபை தாரும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்