பீலித் தண்ணீர் கலங்கினால்...

ஹட்டன் வழியாகச் சிவனொளிபாதமலைக்குச் செல்லும் யாத்திரிகர்கள் பேருந்தை விட்டு இறங்கும் இடம் நல்லதண்ணி. ஆங்கிலேயர் இதனை டல்ஹவுசி என்றார்கள். டிசம்பர் போயா தொடக்கம் வெசாக் போயா வரை இரவிலும் இங்கே கடைகள் திறந்திருக்கும். மலைப்படிகளில் விளக்குகள் எரியும். மற்ற மாதங்களில் மழை, மூடுபனி, தேயிலை, லயன்கள். இவைதான் ஊர்.

பெயருக்கு ஏற்ற ஊர். மலையிலிருந்து வடியும் ஊற்றைப் பீலி வைத்துப் பிடிக்கிறார்கள். விடியும் முன்னரே பெண்கள் அங்கே குடத்துடன் நிற்கிறார்கள்.

கிழக்குக் கரையைச் சேர்ந்த எங்களுக்குப் புயல் என்றால் 1978 நவம்பர் 23ஆம் திகதிதான் நினைவு. மட்டக்களப்பில் தென்னைகளை முறித்து, கூரைகளைப் பிடுங்கி, 900க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன காற்று அது. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில், இவ்வளவு உயரத்தில் வாழ்பவர்களுக்குப் புயலால் என்ன நேரும்?

2025 நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரையில் ஏறிய ‘டிட்வா’ புயல் இதற்குப் பதில் சொன்னது. அதன் காற்று 1978ஆம் ஆண்டின் காற்றைப் போல் கடுமையானதல்ல. ஆனால் மெதுவாக நகர்ந்து, நாடெங்கும் மழையைக் கொட்டியது. 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதிக உயிர்கள் போனது கரையில் அல்ல. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மலைச்சரிவுகளில்தான். இந்த மலைப்பக்கத்தில் பிறக்கும் களனி கங்கையும் பெருகி, கொழும்பின் புறநகர்களை வெள்ளத்தில் ஆழ்த்தியது.

காரணம் எளியது. சூடான கடல்நீரின் ஆவிதான் புயலுக்கு உணவு. தரைக்கு வந்ததும் அந்த உணவு நின்று காற்று தளர்கிறது. சுமந்து வந்த ஈரம் மட்டும் அப்படியே இருக்கும். மலையில் மோதி மேலே எழும்போது அது குளிர்ந்து, பானையின் ஆவி மூடியில் பட்டு நீராவதுபோல் மழையாகிறது. மண் அளவுக்கு மீறிக் குடித்தால் கனத்து, உள்ளே பிடிப்பு விட்டுச் சரிகிறது.

பீலியடியில் சந்தித்த அக்கா ஒருவர் சொன்னார்: “தெளிஞ்ச தண்ணி சேறா வந்தா, மேல மண்ணு அசையுதுன்னு எங்க பாட்டி சொல்லுவாங்க. ஆனா வேலைக்குப் போகலேன்னா பேர் இல்லைங்களே. பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு எங்கன்னு போறது?”

பாட்டி சொன்னது சரியானதே. ஊற்றுநீர் திடீரெனக் கலங்குவதும், வற்றுவதும், புதிய இடத்தில் ஊற்றுக் கிளம்புவதும் மண்சரிவின் அறிகுறிகள். நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு, இறுகிப்போன கதவு, சாய்ந்த மரங்கள் ஆகியனவும் அப்படியே. இவற்றை முதலில் காண்பவள் பெரும்பாலும் தண்ணீர் எடுக்கும் பெண். அவள் சொல்லை வீட்டாரும் தோட்டத்தாரும் கேட்க வேண்டும்.

அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதைந்தன. அங்கே ஆபத்து உண்டென முன்னரே எச்சரித்திருந்தார்கள். பாதுகாப்பான காணியும் வீடும் இல்லாதவர்களுக்கு எச்சரிக்கை மட்டும் போதாது.

தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கிறது. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்து ஆகியவற்றை ஒரே பையில் வைப்பது எப்படி என்பதை இடம்பெயர்ந்த எங்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

சகோதரிகளே, 1958, 1977, 1983 வன்செயல்களால் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்கள் எங்களிடையே பல. அவர்களின் உறவுகள் இன்னும் லயன் காம்பராக்களில் இருக்கிறார்கள். கிழக்குக் கரைக்குப் புயல் வருகிறது என வானொலி சொன்னால், உங்கள் கூரையைக் கட்டிய கையோடு மலைக்கும் ஓர் அழைப்பு எடுங்கள். பீலித் தண்ணீர் எந்த நிறத்தில் வருகிறது என்று கேளுங்கள்.