நைட் ஷிப்ட் ஊர்

ஊரிகத்தில் நடுராத்திரி விழித்திருப்பவனைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். கோலார் தங்கவயல் முழுக்கவே அப்படித்தான். சுரங்கத்துக்கு மூன்று ஷிப்ட் என்றால் ஊருக்கும் மூன்று ஷிப்ட். காலை ஷிப்ட் போகிறவருக்கு விடியுமுன்னே அடுப்பு மூட்ட வேண்டும். நைட் ஷிப்ட் முடித்து வருபவருக்குச் சுடுதண்ணீர் வேண்டும். மத்தியான ஷிப்ட்காரர் வீடு திரும்பும்போது மற்ற ஊர்களில் முதல் தூக்கம் முடிந்திருக்கும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லைனில் எந்த நேரம் எழுந்து பார்த்தாலும் ரெண்டு மூன்று வீட்டில் விளக்கு எரியும். மின்சாரம் எங்கள் பக்கத்துக்குப் பழைய சங்கதி. 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பெங்களூர்த் தெருக்களுக்கே அது 1905-இல்தான் போனது. இதைச் சொல்லிக்கொள்வதில் தங்கவயல்காரர்களுக்கு ஒரு பெருமை, எனக்கும்தான்.

அந்த ஊரில் தூங்காத பிள்ளையாக என் தம்பி பிறந்தான்.

பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்பதெல்லாம் பிறகுதான் கண்ணில் பட்டது. முதலில் தெரிந்தது தூக்கம் இல்லாததுதான். ஒன்பது மணிக்குக் கண்ணயர்ந்தால் ஒரு மணிக்கு எழுந்துவிடுவான். அழ மாட்டான். சுவரோரமாக நடப்பான், தட்டைச் சுழற்றி விடுவான், தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவான். தாழ்ப்பாளைக் கதவின் உச்சியில் அடித்தார் நைனா, அதாவது அப்பா. முக்காலியைத் தள்ளிப்போட்டு ஏறக் கற்றுக்கொண்டான். கடைசியில் அம்மா தன் புடவைத் தலைப்பை அவன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு படுத்தாள். அவன் எழுந்தால் தலைப்பு இழுக்கும், அவளும் எழுவாள். அம்மாவின் அந்தக் காலத்துப் புடவைகள் எல்லாவற்றுக்கும் முந்தானை முனை நைந்திருக்கும்.

எழுந்த பிறகு என்ன? அங்கேதான் லைன் கைகொடுத்தது. எதிர் வீட்டுப் பெரியம்மாவின் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் போனால் அவள் தூங்காமல் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவாள். சுரங்கத்துக்குள்ளே எந்த நேரம் பாறை வெடிக்கும் என்று தெரியாத ஊர் அது. வெடித்தால் மேலே அலமாரியில் இருக்கும் பாத்திரம் ஆடும். புருஷன் கீழே இருக்கும் ராத்திரியில் எந்தப் பெண்ணுக்குத் தூக்கம் வரும்? "அவன இங்க வுட்டுட்டு நீ போய்ப் படுடி" என்பாள் அம்மாவிடம். உருட்டிய குச்சிகளைத் தம்பி ஒரே அளவு இடைவெளி விட்டு முறத்தில் அடுக்குவான். ஒன்று கோணினால் எல்லாவற்றையும் கலைத்து மறுபடி அடுக்குவான். பெரியம்மாவுக்கு அதில் நஷ்டம்தான். ஒரு நாளும் அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

வெளிநாடுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளை ஓர் இரவு வேறொருவர் பார்த்துக்கொள்ள, பெற்றவர்கள் தூங்கி எழுவதற்கென்று தனியாக ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் 1999-இல் வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின்கீழ் சமர்த் என்று ஒரு திட்டம் உண்டு. அம்மாவிடம் இதை விளக்கிச் சொன்னேன். "இதுக்குக் கூடவா கவர்மெண்டு?" என்றாள்.

ஊரை ரொம்பவும் உயர்த்திப் பேசக் கூடாது. ஒற்றை அறை வீடு, நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். நைட் ஷிப்ட்காரருக்குப் பகல்தான் ராத்திரி. ஜன்னலில் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டுப் படுத்திருப்பவரின் காதில் தம்பியின் கூச்சல் விழுந்தால், லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்து எங்கள் குலம் கோத்திரமெல்லாம் இழுத்துத் திட்டுவார்கள். பேய்க்கோளாறு என்று தாயத்துக் கட்டச் சொன்னவர்களும் உண்டு. கட்டியும் பார்த்தோம். நைனாவும் பகலில் தூங்க வேண்டியவர். அவர் தூங்கும் நேரமெல்லாம் நானும் அம்மாவும் தம்பியைக் கூட்டிக்கொண்டு, தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கம் போய் உட்கார்ந்திருப்போம். அந்த வெள்ளைத் தூசி தலையெல்லாம் படியும்.

ஆனால் சங்கு இருந்தது. ஷிப்டுக்கு ஊதுகிற சங்கு. கடிகாரம் பார்க்கத் தெரியாத, நேற்று நாளை என்று சொன்னால் புரியாத பிள்ளைக்கு நாளின் வரிசையைச் சொல்லிக்கொடுத்தது அந்தச் சங்குதான். ஒரு சங்குக்குக் குளியல், அடுத்த சங்குக்குச் சோறு, ராத்திரிச் சங்குக்குப் பாய். அம்மா யாரிடமும் படித்து இதைச் செய்யவில்லை. பத்து வயதுக்குள் சங்கு ஊதியதும் அவனே பாயை எடுத்து உதறுவான். நாலைந்து மணி நேரமாவது ஒரே மூச்சில் தூங்கவும் தொடங்கியிருந்தான்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு, சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. சம்பளம் போனது, மைன்ஸ் ஆஸ்பத்திரி முடங்கியது, இதெல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று. எங்கள் வீட்டில் சங்கும் நின்றுபோனது. தம்பி பாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பான். சாப்பாடும் தூக்கமும் எல்லாம் குழம்பிப்போயின. சங்கு நின்றதால்தான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. அது என் கணிப்பு. ஆனால் பின்னாளில் பெங்களூர் நிமான்ஸ் ஆஸ்பத்திரியில் எங்களுக்குச் சொன்ன யோசனை என்ன தெரியுமா? தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை, அவனுக்குப் புரிகிற ஓர் அடையாளம், படுக்கும் முன் வெளிச்சத்தைக் குறைப்பது. வெளிச்சம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஊரிகத்தில் இருந்தது.

தம்பியைப் போல ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தூக்கச் சிக்கல் உண்டு என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. இருட்டியதும் மூளையில் சுரக்க வேண்டிய மெலடோனின் இவர்களில் பலருக்குக் குறைவாகவோ நேரம் தப்பியோ சுரக்கிறது. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடுவது அதிகம். மூளை முடக்குவாதம் என்றால் தசை இறுக்கமும் வலிப்பும் எழுப்பிவிடும். இதெல்லாம் பிள்ளையின் கேஸ் ஷீட்டில் ஏறுகிறது. கூடவே விழித்திருக்கும் அம்மாவின் பிரஷர், பகலில் அவள் மற்ற பிள்ளைகள்மேல் எரிந்து விழுவது, இதற்கு எந்தத் தாளிலும் கட்டம் இல்லை. எரிந்து விழப்பட்ட மற்ற பிள்ளை நான்தான்.

மைன்ஸ் மூடியபின் நைனா பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். மாரிகுப்பத்திலிருந்து வரும் விடிகாலை ரயிலை ஊரிகம் ஸ்டேஷனில் பிடிப்பார். ஆயிரக்கணக்கில் தங்கவயல்காரர்கள் இன்றும் அப்படித்தான் போய் வருகிறார்கள். ராத்திரி வீடு திரும்பி, விடியுமுன் கிளம்புகிற மனிதர் எப்போது தூங்குவது? ரயிலில்தான். வீட்டில் இருக்கும் கொஞ்ச நேரமும் தம்பி நடந்துகொண்டிருப்பான், நைனா சுரங்கத் தூசி இருமலோடு உட்கார்ந்திருப்பார். லைனில் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு போனார்கள். பெரியம்மா மகனோடு ஓசூர் போய்விட்டாள். பிறகு நாங்களும் கே.ஆர்.புரம் வந்தோம்.

இங்கே மூன்றாவது மாடி. தம்பி நாற்பதை நெருங்குகிறான், நைனா இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் நடந்தால் கீழ்வீட்டில் தலைக்கு மேல் கேட்கிறதாம். கேட்கத்தான் செய்யும், அவர்கள் மேல் தப்பில்லை, காலையில் ஆபீஸ் போக வேண்டும். இந்தப் பக்கத்திலும் கால் சென்டர், ஐ.டி. என்று ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் எந்தக் கதவுக்குப் பின்னால் யார் விழித்திருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தாலும் தட்ட முடியுமா?

நானும் அம்மாவும் ராத்திரியை ரெண்டாகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். போனில் ஒரு சங்குச் சத்தம் இறக்கி ஒன்பது மணிக்கு வைத்தேன். தம்பி அதைச் சட்டையே செய்யவில்லை. அம்மாதான் நிமிர்ந்து பார்த்தாள். எழுபது தாண்டியவள் முன்ராத்திரி பார்த்தால் போதும், பின்ராத்திரி எனக்கு என்கிறேன். கேட்க மாட்டேன் என்கிறாள். "உனுக்கு வேலைக்குப் போவணும், நான் நைட்டே பார்த்துக்கறேன். உங்க நைனாவுக்குக் குடுத்த மாதிரி அலவன்ஸ் மட்டும் சேர்த்துக் குடு." மாசம் எவ்வளவு என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை.