எட்டாயிரம் மீட்டரும் ஒரு முட்டையும்

மே 6, நாம்சே பசார்

உடம்பு பழகட்டும் என்று வழிகாட்டி இன்று எங்களை மேலே நடக்கவிடவில்லை. 3,440 மீட்டர். விடுதிக் கூரையில் அண்டங்காக்கை ஒன்று உட்கார்ந்து கரைந்துகொண்டிருந்தது. தங்கை மகனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பெரியம்மா, காக்கா பார்க்கவா இவ்வளவு பணம் கட்டி இழுத்துட்டு வந்தீங்க?"

ஆமாம், காக்கை பார்க்கத்தான். ஆனால் இந்தக் காக்கை இல்லை. இதே குடும்பத்தில் பிறந்து இதைவிட உயரத்துக்குக் குடிபோன ஒன்று. மஞ்சள் அலகு சஃப் என்று பறவைக்காரர்கள் சொல்வார்கள். ஸ்பெயின், மொராக்கோ தொடங்கி ஆல்ப்ஸ் வழியாக இமயம் வரை, மரங்கள் நின்றுபோகும் எல்லைக்கு மேலே வாழ்வது. 1766-இல் லின்னேயஸ் இதைக் காக்கையோடே சேர்த்துப் பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள்.

அவனுக்கு எவரெஸ்ட். எனக்கு இது. ஓய்வு பெற்ற உயிரியல் டீச்சருக்கு இந்த அளவு பைத்தியம் தகும்.

மே 9, திங்போச்சே

கல் அடுக்கி வேலி போட்ட பார்லி வயல்கள். நடுவில் கருப்பாக ஒரு கூட்டம் மேய்கிறது. பைனாகுலரை வைத்துப் பார்த்தால் அலகு சிவப்பு. அதாவது உடன்பிறப்பு, நான் தேடி வந்தது அல்ல. ஆனாலும் சுவர்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நீண்டு கீழே வளைந்த அலகு. அதை மண்ணில் ஆழச் செருகி, தலையை ஒருபக்கம் சாய்த்து நெம்புகிறது. கட்டி புரண்டதும் ஒரு கணம் அசையாமல் பார்க்கிறது. அடியில் வெள்ளைப் புழு. நுனியால் கவ்வி, தலையைப் பின்னால் சாய்த்து விழுங்கியாயிற்று. அடுத்த கட்டி. மஞ்சள் அலகுக்காரனுக்கு இந்தத் தோண்டும் வேலை வராது. அதன் அலகு குட்டை. அது மேலே போனதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று ஓர் எண்ணம். பரீட்சைத் தாளில் எழுதினால் மதிப்பெண் போட மாட்டேன்.

மே 10, லொபுச்சே

தலைவலி. பூண்டு சூப். தூக்கம் இல்லை.

மே 11, கோரக் ஷெப்

5,164 மீட்டர். வற்றிய ஏரியின் மணல் திட்டில் சில விடுதிகள், அவ்வளவுதான் ஊர். முதுகுப்பையை இறக்குவதற்குள் வந்துவிட்டன. முதலில் சத்தம். கரைதல் இல்லை, மெல்லிய, உருண்டு வரும் விசில். அப்புறம் நுப்ட்சே சிகரத்தின் பக்கமிருந்து முப்பது நாற்பது பறவைகள் காற்றில் சறுக்கிக்கொண்டு வந்து இறங்கின.

ஒன்று என் காலணிக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது. இருநூறு கிராமுக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். உடம்பு முழுக்கப் பளபளக்கும் கருப்பு, கால் சிவப்பு, அலகு நல்ல மஞ்சள். உட்கார்ந்திருக்கும்போது வால் இறக்கை நுனியைத் தாண்டி நீண்டிருந்தது. அலகு தெரியாத தூரத்திலும் இதை வைத்து அடையாளம் சொல்லிவிடலாம். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தது. கையில் இருந்தது பிஸ்கட் பொட்டலம்.

மருமகள் வாங்கிக் கொடுத்த பிஸ்கட், போடவில்லை. பக்கத்து மேசைக்காரர் ரொட்டித் துண்டை எறிந்தார். ஒன்று கொத்திக்கொண்டு போய்க் கல்லிடுக்கில் செருகி, மேலே சிறு கல்லைத் தள்ளி மூடிவிட்டு, ஒன்றும் அறியாத மாதிரி திரும்பி வந்தது. சேமிப்புப் பழக்கம் குடும்பச் சொத்து.

இரவில், அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, இந்தப் பறவையைப் பற்றி யாரும் சொல்லும் அந்த எண்ணை வழிகாட்டியும் சொன்னார். எவரெஸ்டில் 8,200 மீட்டரில், ஏறிக்கொண்டிருந்தவர்களின் பின்னாலேயே இது போயிருக்கிறது. சரிதான். ஆனால் அங்கே எதற்குப் போயிற்று? அந்த உயரத்தில் புல் இல்லை, வெட்டுக்கிளி இல்லை. மனிதன் சுமந்துபோன சாப்பாடுதான் இருக்கிறது. சில சமயம் மனிதனே.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து நெய்யூர் கொஞ்ச தூரம். அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் இருபது ஆண்டுக்கு மேல் அறுவை மருத்துவராக இருந்த ஹோவர்ட் சாமர்வெல், 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப் போனவர். 1922 பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் காத்துக் கிடந்த நோயாளிகளைக் கண்டு இங்கேயே வேலை என்று முடிவெடுத்தார். 1924 ஜூன் 4-இல் நார்ட்டனோடு, ஆக்சிஜன் இல்லாமல், 8,500 மீட்டர் வரை போனார். நார்ட்டன் தொட்ட 8,573 மீட்டரை 1978 வரை ஆக்சிஜன் இல்லாமல் யாரும் தாண்டவில்லை. நான்கு நாள் கழித்து மேலே போய்த் திரும்பாத மேலரியிடம் இருந்ததாகக் கருதப்படும் சிறிய கோடாக் கேமரா, சாமர்வெல் இரவல் கொடுத்தது.

மேலரியின் உடலை 1999 மே 1-இல் திபெத்துப் பக்கச் சரிவில், 8,155 மீட்டரில் கண்டார்கள். கேமரா இல்லை. உடலைப் பறவைகள் கொத்தியிருந்தன. மலையேறிகள் அங்கே வரும் கருப்புப் பறவை எல்லாவற்றையும் கோரக் என்றே சொல்வதால், அது அண்டங்காக்கையா சஃப்பா என்று பிரித்துச் சொல்ல நான் துணிய மாட்டேன். எதுவானாலும் அதன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் 8,200 என்பதைப் பறவையின் சாதனையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாம் போனோம், அது பின்னால் வந்தது. அது நம் கணக்கு.

மே 12, காலா பத்தர்

விடிவதற்கு முன் ஏறினோம். 5,545 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதி. எல்லோரும் எவரெஸ்ட் பக்கம் திரும்பிப் படமெடுக்க, நான் பின்பக்கப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சஃப், தொண்டை புடைத்திருக்க, செங்குத்துப் பாறையின் ஒரு பிளவுக்குள் நுழைந்தது. சற்று நேரத்தில் தொண்டை தளர்ந்து வெளியே வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. உள்ளே பெட்டை அடைகாக்கிறது; ஆண் ஊட்டுகிறது.

பாடம் நடத்த ஆள் கிடைத்தான். தங்கை மகனை உட்காரவைத்துச் சொன்னேன். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மண்பானையில் நீர் கசிகிற மாதிரி, அவற்றின் வழியாக உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். காற்றழுத்தம் குறையக் குறைய அந்த ஆவி வேகமாகத் தப்பும். நாட்டுக்கோழி முட்டையை இங்கே கொண்டுவந்து அடைவைத்தால் குஞ்சு பொரிப்பதற்குள் வறண்டுவிடும். சஃப்பின் முட்டையில் துளைகள் குறைவு. ஈரம் நிற்கிறது.

"அப்போ ஆக்சிஜனும் குறைச்சலாத்தானே உள்ளே போகும்?" என்றான். நல்ல கேள்வி, வகுப்பில் யாரும் கேட்டதில்லை. மெல்லிய காற்றில் வாயு எதுவுமே வேகமாக ஊடுருவும், ஆக்சிஜனும் அப்படித்தான். இழப்பை அது ஓரளவு ஈடுகட்டும். மிச்சத்தை ரத்தம் பார்த்துக்கொள்கிறது: உயரத்தில் முட்டையிடும் பறவைகளின் கருவில் உள்ள ஹீமோகுளோபின், கிடைக்கிற ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும் வகை. இதெல்லாம் சேர்ந்துதான் 6,500 மீட்டர் வரைக்கும் இது கூடு கட்டுகிறது. இவ்வளவு உயரத்தில் முட்டையிடும் பறவை வேறு இல்லை.

சாப்பாட்டுக்கும் அது நம்மை நம்பி இல்லை. கீழிருந்து காற்று அடித்துக்கொண்டு வரும் பூச்சிகள் பனியில் விழுந்து விறைத்துக் கிடக்கும். 1924 பயணத்தில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் இருந்த ஹிங்ஸ்டன், 6,700 மீட்டரில் தாவும் சிலந்திகளைப் பிடித்தார். மலை உச்சி நாம் நினைக்கிற அளவு வெறுமை இல்லை.

ரொட்டிக்காக 8,200 வரை பறப்பது ஒரு பொழுது வேலை. 6,500-இல் இரண்டு வாரம் அசையாமல் முட்டைமேல் உட்கார்ந்து, பொரித்த குஞ்சை இன்னும் ஒரு மாதம் அங்கேயே வளர்த்துப் பறக்கவிடுவது குடித்தனம். புத்தகங்கள் முதல் எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டு, இரண்டாவதைச் சின்ன எழுத்தில் போடுகின்றன.

மே 14, பங்போச்சே

இறங்கிவிட்டோம். மூச்சு சுலபம், பசி அதிகம்.

கோரக் ஷெப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். விடுதி வாசலில் சஃப்புக்கு ரொட்டி போட வேண்டாம். பொட்டலத் தாளைத் திருப்பி எடுத்து வாருங்கள். மே, ஜூனில் போனால் காலா பத்தரின் பின்பக்கப் பாறையை அரைமணி நேரம் பாருங்கள். ஒரே பிளவுக்குத் தொண்டை புடைக்கப் போய் வரும் பறவையைக் கண்டால் உள்ளே கூடு இருக்கிறது. தள்ளி நின்று பாருங்கள், கல் எறிந்து கிளப்பாதீர்கள்.