முப்பது அங்குலம்

மேசை என்ற சொல்லே போர்த்துகீசியர் கொண்டுவந்தது. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் ஊட்டுப்புரையைப் பார்த்திருப்பார்கள். இரண்டு தளங்களிலுமாக 2000 பேர் அமர்ந்து உண்ணக்கூடிய நீண்ட கூடம். தரையில் அமர்ந்துதான் சாப்பாடு. இலையை எடுத்துவிட்டால் கூடம் காலி. மினிமலிசம் என்று இன்று விலைக்கு விற்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஆனால் தரையில் உட்கார முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆனபிறகு சம்மணம் போடக்கூடாது என்றார் டாக்டர். அதே சமயம் நானும் பெங்களூரை விட்டுத் தக்கலைக்கு வந்து வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியிருந்தேன். முன்னறையில் ஒரேயொரு மேசைக்குத்தான் இடம். அதில் அம்மாவுக்குச் சோறு, எனக்கு லேப்டாப்.

ஆசாரியிடம் போனில் படத்தைக் காட்டினேன். கடைசல் இல்லை, இழுப்பறை இல்லை. ஒரு பலகை, நாலு கால். "இதுல நான் செய்யதுக்கு என்ன மக்கா இருக்கு?" என்று கேட்டவர், கொஞ்சம் யோசித்து, இதுதான் கஷ்டம் என்றார். சித்திர வேலை இருந்தால் இணைப்பில் வரும் பிசகை அதில் மறைத்துவிடலாமாம்.

அம்மா அயனி என்றாள். என் பட்ஜெட் ரப்பர் மரம் என்றது. நான் சிறுவனாக இருந்தபோது குலசேகரம் பக்கம் அது வெறும் விறகு. 25, 30 வருடம் பால் எடுத்துவிட்டு வெட்டித் தள்ளுவார்கள். பச்சையாக அறுத்துப் போட்டால் பூஞ்சையும் வண்டும் விடாது. போரான் கரைசல் ஏற்றி, சூளையில் உலர்த்தினால்தான் மேசைக்கு ஆகும். உலகமெங்கும் பெரிய கடைகளில் 'வெளிர் மரம்' என்று மினுங்கும் மேசைகளில் பலவும் நம்மூர்த் தோட்டத்தில் நிற்கும் இதே மரம்தான்.

உயரத்தில்தான் சிக்கல். கடை மேசைகள் சுமார் 30 அங்குலம். அது கரண்டிக்காரர்களின் உயரம் என்பது என் அபிப்பிராயம். உறவினர் வீட்டில் அப்படியொன்றில் உட்கார்ந்து அம்மா சோற்றைப் பிசைந்தபோது தோள் காதருகே ஏறிவிட்டது. டைப் செய்ய எனக்கும் அது அதிகம். 28 போதும் என்று முடிவாயிற்று. ஆனால் மூட்டு மாற்றியவர்களுக்குத் தாழ்ந்த நாற்காலி ஆகாது, எழுந்திருக்க முடியாது. நாற்காலி உயரும், மேசை தாழும், நடுவில் தொடைக்கு இடம் வேண்டும். இழுப்பறை வைத்திருந்தால் அங்கேயே இடித்திருக்கும். குறுக்குச் சட்டத்தையும் ஆசாரி மெலிதாக்கி உள்ளே தள்ளிப் போட்டார். வெறுமைக்கு இப்படியொரு பயன் இருக்கும் என்று எந்தப் படமும் சொல்லவில்லை.

மேசை வந்த இரண்டாவது வாரம், மதிய மீட்டிங் நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அம்மா அடுக்களைத் திண்டில் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"நீ பேசிட்டுல்லா இருந்த. பாத்திரச் சத்தம் அவியளுக்குக் கேக்கும்லா."

யாருடைய காலுக்காக அந்த மேசை செய்யப்பட்டதோ அவள் நின்றுகொண்டிருந்தாள். இப்போது காலண்டரில் 1 மணியிலிருந்து 2 வரை பூட்டியிருக்கிறேன். லேப்டாப் கட்டிலுக்குப் போய்விடும். மேலாளர் இருமுறை கேட்டார். மதியச் சாப்பாடு என்றேன், நம்பவில்லை. மீன்கறி வைக்கும் நாளில் மட்டும் பழைய பேப்பர் விரிக்கிறோம். இந்த வெளிர் மரத்தில் மஞ்சள் கறை பிடித்தால் போவதில்லை.