யார் வீட்டுத் தாயம்?

2020 ஏப்ரல் இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட கொரோனா மண்டலப் பட்டியலில், தமிழ்நாட்டிலேயே பச்சையாக இருந்தது கிருஷ்ணகிரி மாவட்டம் மட்டும்தான். அதற்காக எங்கள் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் யாரும் தாராளமாக வெளியே நடமாடிவிடவில்லை. சிப்காட் பக்கத்திலேயே இருந்தும் மிஷின் சத்தம் இல்லை. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். சில கிலோமீட்டர்தான், போகத்தான் முடியாது.

ஷிப்டு வைத்தே பொழுதைப் பிரித்துப் பழகிய ஊர் இது. எந்த ஷிப்டும் இல்லாமல் போனபோது, வரிசை வீடுகளில் சாயங்கால டீக்குப் பிறகு தாயம் வந்து உட்கார்ந்துகொண்டது. புளி கரைத்தபின் மிஞ்சிய கொட்டை நாலை எடுத்து, சிமெண்ட் படியில் ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை தேய்த்தார் என் அம்மா. சாக்பீஸால் 25 கட்டம். குறுக்குக்கோடு போட்ட கட்டம் மலை. அங்கே நிற்கும் காயை வெட்ட முடியாது. தாயம், அதாவது ஒன்று, விழாமல் காய் இறங்காது. எதிராளி காய் ஒன்றையாவது வெட்டாமல் உள்சுற்றுக்குப் போக முடியாது, பழமும் கிடையாது.

எதிர்வீட்டு அக்கா கர்நாடகத்து ஆனேக்கல்காரர். எட்டிப் பார்த்தவர், “இது எங்க சவுக்காபாரா ஆச்சே!” என்றார். பின்வீட்டுத் தெலுங்குப் பாட்டிக்கு அது அஷ்டா சம்மா. அப்படியானால் இந்த ஆட்டம் யாருடையது? எனக்கு வேலை கிடைத்தது.

முதலில் கீழடிக்குப் போனேன், செய்திகள் வழியாகத்தான். ஆறாம் கட்ட அகழாய்வு 2020 பிப்ரவரியில் தொடங்கி, ஊரடங்கில் அதுவும் நின்றிருந்தது. அங்கே பகடைக்காய்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் பகடை இருந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. அதை எந்தக் கட்டத்தில் உருட்டினார்கள் என்று மண் சொல்வதில்லை.

அடுத்து மைசூர். திப்பு காலத்தில் ஓசூரும் அந்த ஆட்சிக்குள் இருந்த ஊர்தானே! மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) பலகை ஆட்டங்களில் பைத்தியமாக இருந்தவர். புதிது புதிதாக ஆட்டங்களை உருவாக்கினார். அவர் தொகுப்பித்த ஸ்ரீதத்துவநிதியில் ஆட்டங்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஆனால் அரண்மனையில் நுணுக்கம் கூடிய ஆட்டங்கள் வேறு, எங்கள் வாசல்படி ஆட்டம் வேறு.

1892இல் எட்வர்ட் ஃபால்க்னர் என்ற ஆங்கிலேயர் எழுதிய பழங்கால ஆட்டங்கள் பற்றிய நூலில் அஷ்டகஷ்டே வருகிறது: 49 கட்டம், நாலு சோழி. கட்டத்தைக் குறைத்து, சோழிக்குப் பதில் புளியங்கொட்டை வைத்தால் ஏறக்குறைய எங்கள் தாயம். வட இந்தியப் பச்சீசியும் இதற்கு நெருங்கிய உறவு. ஃபத்தேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் அக்பர் காலப் பச்சீசிப் பலகையைத் தரையிலேயே இன்றும் காணலாம். அந்தப் பச்சீசியை எளிமையாக்கி, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் விற்றதுதான் லூடோ. தம்பி போனில் உருட்டிக்கொண்டிருந்ததும் அதே வம்சம்.

பிறந்த ஊர் கிடைக்கவில்லை. பரவிய காரணம் புரிந்தது. கரித்துண்டும் கொட்டையும் இருந்தால் போதும், எந்த ஊரிலும் கடை விரிக்கலாம். தருமபுரி, ஆந்திரா, ஆனேக்கல் என்று வேலை தேடி வந்தவர்கள் நிறைந்த தெருவில் மூன்று பெயரோடு அது இருந்ததில் வியப்பில்லை.

இன்னொன்றும் கணக்குப் போட்டபோது தெரிந்தது. 0, 1, 2, 3 புள்ளி உள்ள இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகளை உருட்டினால் தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. நாலு கொட்டையில், இரு பக்கமும் சமமாக விழுமானால், நாலில் ஒன்று. அப்படியும் காய் இறங்காமல் முழு ஆட்டமும் உட்கார்ந்திருந்தார் அப்பா. கம்பெனி எப்போது கூப்பிடும் என்று தெரியாத அவருக்கு அது கோபமூட்டவில்லை. சுற்று முடிந்தால் கொட்டை அவர் கைக்கு வந்தே தீரும்.

மே மாதத்தில் ஆலைகள் குறைந்த ஆட்களோடு திறந்தன. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்தது. நாலு கொட்டையும் கவிழ்ந்தால் எட்டு என்கிறார் ஆனேக்கல் அக்கா. பித்தளைக் கட்டையில் இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு, ஆகவே இதுவும் பன்னிரண்டே என்கிறார் அம்மா. வழக்கு நிலுவையில் இருக்கிறது.