மொரீஷியசில் பன்னிரண்டு நாள்

ஓய்வு பெற்ற பிறகு மொரீஷியஸ் போக ஆசைப்பட்டேன். "நாலு ராத்திரி, அஞ்சு பகல் சார். சாப்பாடு, படகு எல்லாம் ஓட்டலிலேயே" என்றார் டிராவல்ஸ்காரர். நான் கேட்டது பன்னிரண்டு நாள். அதுவும் ஓட்டலில் இல்லை, மாயேபூர் என்ற சிற்றூரில் ஒரு வீட்டு அறை.

குமாஸ்தா புத்திதான். சென்னையிலிருந்து ஆறு மணி நேரத்துக்கும் மேல் பறக்க வேண்டும். ஐந்து நாள் தங்கினாலும் பன்னிரண்டு நாள் தங்கினாலும் விமானம் எரிக்கும் எண்ணெய் ஒன்றுதானே? அத்தனை எண்ணெயை எரித்துப் போகிறவன், போன ஊருக்குக் கொஞ்சமாவது உபயோகமாக இருக்க வேண்டாமா?

புதுச்சேரிக்கும் அந்தத் தீவுக்கும் பழைய உறவு. லபூர்தொனே கவர்னராக இருந்த காலத்திலேயே (1735-46) நம் ஊர்க் கொத்தனார்களும் தச்சர்களும் கப்பலேறிப் போய் போர்ட் லூயி நகரைக் கட்டினார்கள். வீட்டுக்கார அம்மாள் தமிழ் வம்சம். ஆனால் தமிழ் பேச வராது. தைப்பூசக் காவடி மட்டும் விடவில்லை. அங்கே அன்று அரசு விடுமுறை. பேச்செல்லாம் பிரெஞ்சில்தான். அவர் என்னை "முசியே" என்பார், நான் "மதாம்" என்பேன்.

கொரோனா காலத்தை அவர்தான் விவரித்தார். 2020 மார்ச்சில் தீவை மூடினார்கள். முழுதாகத் திறந்தது 2021 அக்டோபரில். ஒன்றரை வருஷம் அறை காலி. நடுவில், 2020 ஜூலையில் வக்காஷியோ என்ற கப்பல் பவளப்பாறையில் மோதியது. ஆகஸ்டில் எண்ணெய் கசிந்து கடல் கறுத்தது. ஊர் ஜனங்கள் கரும்புச் சோகையைத் திணித்து மிதவைகள் தைத்துத் தடுத்தார்களாம். "கடல் போனால் விமானம் வந்து என்ன பயன், முசியே?" என்றார்.

அங்கே ஜனத்தொகை சுமார் பன்னிரண்டரை லட்சம். 2018-ல் வந்த பயணிகளோ ஏறக்குறைய 14 லட்சம். இனியும் தலைகளைக் கூட்டிக்கொண்டே போனால் சின்னத் தீவு தாங்குமா? வருகிறவர்கள் கூடுதல் நாள் தங்கட்டும். எல்லாமே ஓட்டல் வேலிக்குள் கிடைத்துவிட்டால், விருந்தாளியின் காசு வெளியே வருவதில்லை. நாங்கள் திங்கட்கிழமைச் சந்தையில் காய்கறி வாங்கினோம், தெருவோரத்தில் தால்பூரி சாப்பிட்டோம், உள்ளூர் மீனவர் படகில் போனோம். கொடுத்த காசு யார் கைக்குப் போனது என்று கண்ணால் பார்த்தோம்.

நம்மைப் போன்ற வளரும் நாடுகளுக்கிடையே விமானங்கள் பெருகட்டும், நல்லதுதான். பிள்ளைகள் டிக்கெட் போட்டுத் தந்தால் நீங்களும் போய் வாருங்கள். திரும்பும் தேதியை மட்டும் ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். நமக்குத்தான் லீவு கேட்க மேலதிகாரி இல்லையே!