சூட்சும வியாயாமம் எங்கிருந்து வந்தது?

கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று உடலின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, அதன் அசைவோடு மூச்சையும் கவனத்தையும் சேர்க்கும் யோகப் பயிற்சித் தொகுதியே சூட்சும வியாயாமம். இன்றைய வகுப்புகள் பலவற்றில் ஆசனங்களுக்கு முன் உடலைச் சூடாக்கும் ஐந்து நிமிட வேலையாக அது சுருங்கிவிட்டது. ஆயினும் பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்ற அறிமுகம் மட்டும் தவறாமல் வருகிறது. அந்தப் பழமை இதன் எந்தப் பகுதிக்கு உரியது என்று நூல்களின் வழியே பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். கண்டவை கீழே.

இந்தப் பெயரில், இந்த வரிசையில் பயிற்சியைப் பரப்பியவர் தீரேந்திர பிரம்மச்சாரி. 1924இல் பீகாரில் பிறந்தவர். லக்னோவை அடுத்து ஆசிரமம் அமைத்திருந்த மகரிஷி கார்த்திகேயரிடம் பயின்றவர். டெல்லியில் விசுவாயதன் யோகாசிரமத்தை நிறுவினார். இந்திரா காந்திக்கு யோகம் கற்பித்தவர் என்பதாலும், தூர்தர்ஷனில் நடத்திய பாடங்களாலும் நாடறிந்தவரானார். 1994இல் விமான விபத்தில் இறந்தார். அரசியலோடு அவருக்கிருந்த நெருக்கமே அதிகம் பேசப்பட்டதால், அவர் எழுதிய 'யௌகிக சூட்சும வியாயாம' நூல் பெற வேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்பது என் எண்ணம். 48 சூட்சுமப் பயிற்சிகளும் 5 தூலப் பயிற்சிகளும் அதில் படங்களோடு விளக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தம் குருவிடமிருந்து பெற்றதாக அவர் கூறுகிறார். எழுத்துச் சான்று இங்கே நின்றுவிடுகிறது. இதற்கு முன்னால் செல்ல, பயிற்சிகளின் அமைப்பையே சான்றாகக் கொள்ள வேண்டும்.

அமைப்பு நுணுக்கமானது. முதல் பயிற்சி தொண்டைக்கு உரியது. பிறகு தலை, கண், கன்னம், கழுத்து, தோள் என்று மேலிருந்து கீழே இறங்கிப் பாத விரல்களில் முடிகிறது. தலைக்கான மூன்று பயிற்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இதன் உள்முறை விளங்கும். மூன்றிலும் மூக்கால் வேகமாக மூச்சை இழுத்து விடுவதே வேலை. ஒன்றில் தலை பின்னே சாய்ந்திருக்கும், கவனம் குடுமி இருக்கும் இடத்தில். அடுத்ததில் தலை நேராக, பார்வை சில அடி தொலைவில் தரையில், கவனம் உச்சந்தலையில். மூன்றாவதில் முகவாய் மார்பை நோக்கித் தாழ்ந்திருக்கும், கவனம் பிடரியில். மூச்சு ஒன்றே, தலையின் நிலையும் கவனம் நிற்கும் இடமும் மாறியதும் அது வேறு பயிற்சியாகிவிடுகிறது. கவனத்தை எடுத்துவிட்டால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும்.

இந்த மூச்சும் கவனமும் பழையவை. இதில் ஐயத்துக்கு இடமில்லை. துருத்தி போல் மூச்சை இயக்கும் பஸ்திரிகா, 15ஆம் நூற்றாண்டின் ஹட யோகப் பிரதீபிகை கூறும் எட்டுக் கும்பகங்களில், அதாவது மூச்சடக்க முறைகளில், ஒன்று. உதடுகளைக் காக்கையின் அலகு போல் குவித்துக் காற்றை உறிஞ்சுவது கேரண்ட சம்ஹிதையில் காகி முத்திரை. கன்னத்துக்கான பயிற்சியில் அதையே கன்னங்களை உப்ப வைத்து, மூச்சை அடக்கிச் செய்கிறார்கள். மூச்சை அளவிடும் வழக்கம் தமிழிலும் தொன்மையானது: உள்ளிழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, வெளிவிட 32 என்று திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் கணக்கு வகுத்திருக்கிறார். உடலின் ஓரிடத்தில் மனத்தைக் கட்டி நிறுத்துவதைப் பதஞ்சலி தாரணை என்றார்.

அசைவுகள் வேறு கதை. ஹட யோகப் பிரதீபிகையில் 15 ஆசனங்கள் உண்டு. மணிக்கட்டைச் சுழற்றவோ தோளைக் குலுக்கவோ சொல்லும் இடம் ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் 18ஆம் நூற்றாண்டின் 'ஹடாப்யாச பத்ததி'யில் தென்படுகின்றன. அது கூறும் 112 நிலைகளில் நின்று செய்வன, கயிற்றில் தொங்கிச் செய்வன எல்லாம் உண்டு. உடலுக்கு வலுவேற்றிய பிறகே ஆறு சுத்திக் கிரியைகளுக்குச் செல்ல வேண்டும் என்பது அந்நூலின் முறை. அசைவை முன்தயாரிப்பாகக் கருதும் எண்ணம் இங்கே தெளிவாகவே இருக்கிறது.

வியாயாமம் என்ற துறையோ யோக நூல்களைவிட ஆயுர்வேதத்துக்கே நெருக்கமானது. உடற்பயிற்சியைப் பாதி வலிமை அளவில் நிறுத்த வேண்டும் என்கிறது சுசுருத சம்ஹிதை. அந்தப் பாதியை அறியும் அடையாளமாக அது காட்டுவது, மூச்சு வாய்க்கு வந்துவிடுவதை. உடலின் வேலையை மூச்சைக் கொண்டு அளக்கும் இந்த வழிகாட்டுதலைப் படித்தபோதுதான், சூட்சும வியாயாமத்தின் மூச்சு, அசைவு என்ற இரு கிளைகளும் ஒன்றையொன்று எங்கே தொட்டிருக்கும் என்பது எனக்குப் பிடிபட்டது.

தொகுதியாகக் கோத்த கை இன்னும் பிற்காலத்தது. ஐந்து தூலப் பயிற்சிகளில் ஒன்றான, நின்ற இடத்திலேயே ஓடும் ஹ்ருத்கதிக்கு 'இஞ்சின் ஓட்டம்' என்ற பெயரும் உண்டு. இந்தியாவில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 1853இல்தான் என்பதால், அந்தப் பெயர் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் உடற்பயிற்சி ஆர்வம் பொங்கிய காலம். பளுதூக்கும் வீரர் சாண்டோவின் புகழ் இங்கே பரவியிருந்தது; ஔந்து சமஸ்தானத்து அரசர் சூரிய நமஸ்காரத்தைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றார்; 1924இல் லோணாவாலாவில் கைவல்யதாமத்தைத் தொடங்கிய சுவாமி குவலயானந்தர் கூட்டாகச் செய்யும் யோகப் பாடத்திட்டத்தை வகுத்தார். தசைகளை மன உறுதியால் இறுக்கித் தளர்த்தும் முறையை 1916இல் கண்டதாகப் பரமஹம்ச யோகானந்தர் கூறினார். ஹட யோக மூச்சு, தாரணை, அக்காலத்து உடற்பயிற்சி மூன்றும் ஒருசேரக் கிடைத்த இக்காலத்தில்தான் இத்தொகுதி இன்றைய வடிவத்தை அடைந்திருக்க வேண்டும் என்பதே என் முடிவு. இதனால் அதன் மதிப்பு குறையாது. பழைய மூச்சுக் கலையை நின்றுகொண்டே எவரும் செய்யக்கூடிய வகையில் பகுத்துக் கொடுத்தது பெரும் பணி.

இதை ஒத்த வேறு வரிசைகளும் உண்டு. முங்கேரில் பீகார் யோகப் பள்ளியை நிறுவிய சுவாமி சத்தியானந்த சரஸ்வதியின் பவனமுக்தாசன வரிசையும் மூட்டுகளுக்கானதே. ஆனால் அது அமர்ந்த நிலையில் கால்விரல்களிலிருந்து தொடங்கி மேலே ஏறுகிறது. 2015இல் சர்வதேச யோகா தினத்துக்காக வகுக்கப்பட்ட பொதுப் பயிற்சி முறையில் கழுத்து, நடுவுடல், முழங்கால் அசைவுகள் மட்டும் இடம்பெற்றன. கற்பவர் தம் வகுப்பின் வழியை அறிய ஓர் எளிய குறி உண்டு: தொண்டையும் தலையும் முதலில் வந்து, வேகமான மூச்சோடு கவனத்துக்கும் இடம் குறிக்கப்பட்டால் அது தீரேந்திரரின் முறை, கால்விரலில் தொடங்கினால் முங்கேர் முறை.